வாழ்த்த வயதில்லையா, உங்களுக்கா?

கேள்வி: என் நண்பர் மரபுக் கவிஞர். ஐம்பது வருடப் பழக்கம். அடுத்த மாதம் அவருக்கு 80 முடிகிறது. பிள்ளைகள் விழா எடுக்கிறார்கள். வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் படித்துக் கொடுக்க ஏற்பாடு. பாட்டு என் பொறுப்பு. எழுதியதை அவரிடமே காட்டினேன். படித்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மழை வருமா?” என்று கேட்டார். நகல் இணைத்துள்ளேன். என்ன குறை?
- வாசகர், தேவகோட்டை

பதில்: மழை வருமா என்று கேட்டாரே, அதுதான் விமரிசனம்.

முதல் நான்கு வரியில் ஐந்து பட்டம் கொடுத்திருக்கிறீர்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனையே ஊர் ‘கவியரசு’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. உங்கள் நண்பர் கவிக்கடலாம், தமிழ்த்தேனாம். கடலில் தேன் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

அப்புறம், ‘ஆயிரம் பிறை கண்டவரே’. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் ஆக 80 வருடமும் 10 மாதமும் வேண்டும். விழா அன்று அவருக்கு இன்னும் 10 மாதம் பாக்கி. செட்டிநாட்டிலிருந்து எழுதுகிறவர் கணக்கில் தப்பலாமா? இன்னொன்று. நீங்கள் அவரைவிட எட்டு மாதம் மூத்தவர் என்று கடிதத்திலேயே இருக்கிறது. ஆயிரமாவது பிறை முதலில் உங்களுக்குத்தான். அப்படிப்பட்டவர் பாட்டை எப்படி முடித்திருக்கிறீர்கள்? ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’! ‘வாடா போடா’ என்று பேசுகிறவர்கள் நீங்கள். கட்சிச் சுவரொட்டியில் தம்பிமார் எழுதுகிற வரி அது. உங்களுக்கு எதற்கு?

நீண்ட நாள் வாழ்க என்று நம் மொழியில் சொன்ன வாழ்த்துகளில் எனக்கு மிகப் பிடித்தது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. அதியமான் அஞ்சியை ஔவையார் வாழ்த்தியது. மொத்தம் 11 வரி. அவரும் வாள், வீரவளை, பொன்மாலை என்றுதான் தொடங்குகிறார், சரி. நீலகண்டனைப் போல நிலைத்திரு என்கிறார். ஆனால் ஏன் வாழ்த்துகிறேன் என்ற காரணம் ஒரு நெல்லிக்கனி. மலைப்பிளவில், எட்டாத உயரத்தில் பறித்தது, சின்ன இலை நெல்லி. அதன் பயனைச் சொல்லாமல் உன் மனதுக்குள் அடக்கிக்கொண்டு, ‘சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே’. அந்தக் கனி ஔவையாருக்கு மட்டும்தான் கிடைத்தது. அதனால் அந்த வாழ்த்தை வேறு யாரும் பாடியிருக்க முடியாது. உங்கள் பதினாறு வரியில் பெயரை மாற்றினால் நாளைக்கு வட்டாட்சியர் பணி ஓய்வு விழாவிலும் படிக்கலாம்.

உங்களிடம் நெல்லிக்கனி இல்லாமல் இல்லை. கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: “புது வெண்பா எழுதினால் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து வாசிப்பார். காய்ச்சீருக்கு அடுத்து நிரை வந்து தளை தட்டினால் நான் இருமுவேன். ‘எங்கடா தட்டுது?’ என்று அங்கேயே திருத்துவார்.” தளை தட்டுவது என்றால், சீரும் சீரும் சேரும் இடத்தில் வெண்பாவின் ஓசை இடறுவது. ஐம்பது வருடமாக ஒரு கவிஞர் உங்கள் தொண்டையை நம்பி எழுதியிருக்கிறார். இதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுக் கவிக்கடல் என்று எழுத எப்படி மனசு வந்தது?

அந்த இருமலை எழுதுங்கள். நாலே அடி போதும், வெண்பாவாகவே இருக்கட்டும். எங்காவது தளை தட்டினால் மேடையில் உட்கார்ந்தபடி இந்த முறை அவர் இருமட்டும்.