மகள் லினக்ஸ் நிறுவிக்கொண்டிருக்கிறாள், இதற்கு வேலை கிடைக்குமா?

"படிக்கிற நேரத்தில் மகள் லேப்டாப்பை அழித்து அழித்து ஏதோ லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுவத் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள். அதன் வகைகளான உபுண்டு, மின்ட் போன்றவற்றை இப்போது 'நெக்ஸ்ட்' தட்டிக்கொண்டே போய் ஏற்றிவிடலாம். நடுவில் ஏதாவது சொதப்பி, அதைத் தானே தோண்டிச் சரிசெய்தாளா என்பதைத்தான் நான் கேட்பேன்.

உதாரணத்துக்கு, நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வந்து நிற்கும். பலர் உடனே முதலிலிருந்து நிறுவத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பவளுக்குப் புரியும்: முதலில் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் எழுகிறது. அது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த சின்னப் பகுதியான இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தேடுகிறது. அங்கிருந்து லினக்ஸை எழுப்பிவிடும் கிரப், கிரப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். இதில் எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் சர்வர்களை, அதாவது இணையதளம் போன்ற சேவைகளைத் தரும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களின் அன்றாட வேலை. அந்தச் சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவதும் லினக்ஸில்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்ற பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்.

இன்னொன்று, நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் தப்பாகக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் வழக்கமாக அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. "ஏன் இப்படி?" என்று மகளிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாள் என்றால் அவள் பொழுதை வீணாக்கவில்லை.

ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். வந்த எரர் வரி, எதையெல்லாம் முயன்றாள், கடைசியில் எது வேலை செய்தது, அவ்வளவு போதும். நேர்காணலில் "கடைசியாக எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால் பேச அவளிடம் சரக்கு இருக்கும்.

வாரம் ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றி வால்பேப்பரை அழகுபடுத்திக்கொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் தட்டிக் கேளுங்கள். அது பொழுதுபோக்கு, தப்பில்லை, ஆனால் தொழிலுக்கு உதவாது. டெபியன் போல ஒன்றிலேயே நிலைத்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைவது), கோப்பு அனுமதிகள், ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டுவது), லாக் எனும் கணினியின் பதிவுகளைப் படிப்பது, ஒரு வெப் சர்வரை ஓடவிடுவது என்று போகட்டும். ரெட் ஹேட் நிறுவனம் தரும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ போன்ற லினக்ஸ் சான்றிதழ்களுக்கு அவசரமில்லை. அது உண்மையான கணினியில் செய்துகாட்டுகிற தேர்வு, விடையை டிக் அடித்துத் தப்பிக்க முடியாது. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பட்டம் வேண்டுமா என்றால், வேண்டும்தான். பல நிறுவனங்களில் அது இல்லாமல் விண்ணப்பம் முதல் வடிகட்டலைத் தாண்டாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. வீட்டுப் படங்களும் ஆவணங்களும் அந்த லேப்டாப்பில் இருந்தால் இன்றைக்கே வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை எழுதி வைக்காமல், கணினி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் 'செக்யூர் பூட்' அமைப்பைத் தொடக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பழைய கணினி ஒன்று இருந்தால் அதையே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கணினிக்குள்ளேயே ஒரு மாதிரிக் கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸில் பழகட்டும், அங்கே எத்தனை முறை அழித்தாலும் வீட்டில் யாருக்கும் நஷ்டமில்லை.

தேர்வு நேரத்தில் புது நிறுவல் எதுவும் தொடங்குவதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் "போதும், தூங்கு" என்று பவரை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பார்ட்டிஷன் அளவை மாற்றுவது பாதியில் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடலாம்.