செருப்பு தானாகக் கழன்றதா, அவளே விட்டுப் போனாளா?

கேள்வி: என் மகளுக்கு சிண்ட்ரெல்லா என்றால் உயிர். நூலகத்தில் எடுத்து வந்த ஒரு புத்தகத்தில், செருப்புக்குள் காலை நுழைக்க அக்காமார் விரலையே வெட்டிக்கொள்கிறார்கள்! டிவியில் பார்த்த பாட்டு, நடனத்தில் இப்படி எதுவும் இல்லையே, எதுதான் அசல் கதை?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே பழசுதான். பூசணிக்காய் வண்டி, தேவதை, கண்ணாடிச் செருப்பு எல்லாம் பிரெஞ்சுக்காரர் பெரோ 1697-இல் வெளியிட்ட கதையில் வருபவை. கிரிம் சகோதரர்களின் 1812 ஜெர்மன் தொகுப்பில் தேவதையே கிடையாது, அம்மாவின் சமாதியில் வளர்ந்த மரம்தான் உடுப்பு தருகிறது, விரலை வெட்டுவதும் அங்கேதான். அசல் என்று ஒன்றைப் பிடிக்க முடியாது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்துக் கதை ஒன்றிலும் தாயில்லாப் பெண்ணும் தொலைந்துபோன தங்கச் செருப்பும் உண்டு.

கேள்வி: கதை முழுக்க அந்தப் பெண் அழுகிறாள், காத்திருக்கிறாள், அவ்வளவுதான். இவளை வைத்து ஏன் திரும்பத் திரும்ப இசை நாடகம் போடுகிறார்கள்?
- கல்லூரி மாணவி, கோவை

பதில்: நல்ல கோபம். ஆனால் எனக்கென்னவோ, அவள் பேசாததால்தான் பாட்டுக்கு அங்கே இடம் கிடைக்கிறது என்று தோன்றுகிறது. அவள் என்ன செய்தாள் என்று கதை சொல்லும், மனசுக்குள் என்ன ஓடியது என்று சொல்லாது.

1957 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் இசையமைப்பாளர் ரோஜர்ஸ், பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் இருவரும் டிவிக்கென்றே எழுதிய 'சிண்ட்ரெல்லா' நேரலையாகப் போனது. ஜூலி ஆண்ட்ரூஸ்தான் நாயகி, பார்த்தவர்கள் பத்து கோடிக்கு மேல். அதில் அவள் மூலையில் தன் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நார்வே இளவரசியாகவும் மிலான் நகரத்துப் பெரிய பாடகியாகவும் தன்னை நினைத்துக்கொண்டு பாடுகிறாள். வேலை ஏவிக்கொண்டே இருக்கிற அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஓர் உலகம் அவளுக்குள் இருக்கிறது என்பது அந்த ஒரே பாட்டில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. 1997-இல் இதையே மறுபடி எடுத்தபோது கறுப்பினப் பாடகிகளான பிராண்டி சிண்ட்ரெல்லா, விட்னி ஹூஸ்டன் தேவதை. கறுப்பினப் பெண் இளவரசியாவதை வீட்டு டிவியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

சிறு வயதில் அந்த ஹாமர்ஸ்டைனிடமே பாடம் கற்றவர் இசை நாடகங்களுக்குப் பாட்டும் இசையும் எழுதிய ஸ்டீவன் சாண்ட்ஹைம். 1987-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த, சிண்ட்ரெல்லா உட்படப் பல தேவதைக் கதைகளை ஒன்றாகக் கலந்த அவருடைய 'இன்டு தி வுட்ஸ்' நாடகத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. கிரிம் கதைப்படி இளவரசன் படிக்கட்டில் கீல் பூசி வைக்கிறான், அவள் ஓடும்போது செருப்பு ஒட்டிக்கொள்கிறது, அத்தோடு சரி. சாண்ட்ஹைம் அந்தப் படியிலேயே அவளை நிறுத்திவிடுகிறார். ஓடவா, பிடிபடவா, வீட்டுக்குப் போனால் அதே அடுப்படி, அரண்மனையிலோ தான் யாரென்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்று ஒரு முழுப்பாட்டு நீளத்துக்கு யோசித்து, கடைசியில் செருப்பை வேண்டுமென்றே விட்டுப் போகிறாள். தேடி வருவதா வேண்டாமா என்பதை இனி அவன் முடிவு செய்யட்டும் என்று! தற்செயலாக நடந்ததை அவளுடைய முடிவாக மாற்றியது அந்தப் பாட்டுதான். காத்திருக்கிற பெண் என்று இவளை இனி உங்களால் சொல்ல முடியுமா?

கேள்வி: 'இன்டு தி வுட்ஸ்' நாடகத்தைக் குழந்தைகளோடு பார்க்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: முதல் பாதியைத் தாராளமாகப் பார்க்கலாம், எல்லாருக்கும் கேட்டது கிடைத்துக் கல்யாணத்தில் முடிகிறது. இரண்டாம் பாதியில், அவரைக்கொடியில் ஏறும் கதையில் வருகிற பையன் ஜாக் கொன்ற அரக்கனின் மனைவி பழிவாங்க வருகிறாள், நமக்குப் பிடித்தவர்கள் சாகிறார்கள், இளவரசன் வேறொரு பெண்ணிடம் போகிறான். பள்ளிப் பிள்ளைகள் நடிக்க முதல் பாதியை மட்டும் வைத்துத் தனிப் பதிப்பே இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழ் என்றால் அதுவரை போதும். பெரிய பிள்ளைகள் என்றால் முழுவதும் பாருங்கள், ஆனால் கூட உட்கார்ந்து பாருங்கள், நிறையக் கேள்வி கேட்பார்கள்.