தேர்தல் நன்கொடை: கம்பெனிக்கு என்ன லாபம், கட்சிக்கு என்ன லாபம்?

நான் கம்பெனி செக்ரட்டரி. இயக்குநர் குழுத் தீர்மானங்களை எழுதுவதும் ஆண்டறிக்கை தயாரிப்பதும்தான் பிழைப்பு. அரசியல் நன்கொடை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கட்சிச் சண்டை வேண்டாம், எல்லாக் கட்சியும் இதில் வரும்.

சார், காரியம் இல்லாமல் யாராவது கோடிக்கணக்கில் கொடுப்பார்களா? கம்பெனிக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது?

டெண்டர் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பாதிப் பணம் தொந்தரவு வராமல் இருப்பதற்காகவே போகிறது என்பது என் கணிப்பு. ஏற வேண்டிய வரி ஏறாமல் நிற்கும். வர வேண்டிய சோதனை வராது. அனுமதிக் கோப்பு மாதக்கணக்கில் மேசையில் தூங்காது. நடக்காமல் போன விஷயத்துக்கு ரசீது ஏது? அதனால்தான் இதை யாராலும் விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை.

அதற்கு அடுத்தபடி, ஆளைப் பார்க்கும் வாய்ப்பு. போன் போட்டால் எடுப்பார்கள், நேரம் கேட்டால் கொடுப்பார்கள். தேர்தல் பத்திரத் திட்டத்தை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) ரத்து செய்த உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: நன்கொடை முதலில் வாங்கித் தருவது ஆட்சியாளரை அணுகும் வசதி, அது மெல்லக் கொள்கை முடிவுகளில் செல்வாக்காக மாறுகிறது.

கட்சிகளுக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது? தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறதே?

வரம்பு வேட்பாளருக்குத்தான். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் என்று 2022இல் வைத்தார்கள். கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. ஹெலிகாப்டர், விளம்பரம், மாநாடு எல்லாம் அந்தக் கணக்கில் போய்விடும். கணக்கிலேயே வராத ரொக்கம் தனிக்கதை. அதற்கும் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், அவருக்கும் கைம்மாறு ஒன்று வேண்டும்.

இதில் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு உண்டு. இந்திய மாநிலங்களில் தேர்தல் நடக்கும் மாதத்தில் சிமெண்ட் பயன்பாடு சரிகிறது என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். கட்டுமான நிறுவனங்களின் கைப்பணம் அந்த நேரத்தில் கட்சிகளுக்குப் போய்விடுவதால் வேலை தொய்கிறது என்பது அவர்கள் விளக்கம். ரொக்கம் கணக்கில் வராவிட்டாலும் அதன் நிழல் சிமெண்ட் மூட்டையில் விழுகிறது.

தேர்தல் பத்திரம் என்றால் என்ன என்று ஒருமுறை புரியும்படி சொல்லுங்கள் அண்ணா.

2017 பட்ஜெட்டில் அறிவித்து, 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஸ்டேட் வங்கியில் பணம் கட்டிப் பத்திரம் வாங்கலாம். ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகள். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. கட்சி 15 நாளுக்குள் அதைத் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும். சாமானியனும் கொடுக்கலாம் என்று சொன்னார்கள், ஆனால் விற்ற மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். எந்தச் சாமானியன், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ரகசியமும் அரைகுறைதான். பத்திரத்தில் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் ஒரு எண் அச்சாகியிருந்தது. வாங்கியவர் விவரம் அரசு வங்கியிடம் இருந்தது. ஆக, மறைத்தது வாக்காளரிடமிருந்து.

கட்சிகள் சொன்ன கணக்கையும் கேளுங்கள். ஐக்கிய ஜனதா தளம் தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது இது: 2019 ஏப்ரலில் யாரோ ஒருவர் பாட்னா அலுவலகத்துக்கு வந்து ஒரு மூடிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார், பிரித்துப் பார்த்தால் தலா ஒரு கோடிக்குப் பத்துப் பத்திரங்கள், கொடுத்தவர் யாரென்று தெரியாது. பத்து கோடி ரூபாய் கொடுத்தவரிடம் பெயர் கேட்கவில்லையாம்!

பத்திரம் வாங்கியவர்கள் பட்டியல் வெளியானபோது நம் ஊர் லாட்டரிக் கம்பெனி முதலிடம் என்று பேசினார்களே?

ஆமாம். கோவையை மையமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. அமலாக்கத்துறை நடவடிக்கைக்கு ஏற்கெனவே ஆளான நிறுவனம். அந்தப் பணம் ஒரே கட்சிக்குப் போகவில்லை. திரிணமூலுக்கும் திமுகவுக்கும் தலா 500 கோடிக்கு மேல், பாஜகவுக்கு 100 கோடி. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லிருந்தே தடை. எங்கெல்லாம் ஆட்சி இருக்கிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் வைத்துக்கொள்வது பெரிய நன்கொடையாளரின் வழக்கம். கொள்கைப் பிடிப்பில் கொடுப்பவர் இப்படிப் பிரித்துக் கொடுக்க மாட்டார்.

மொத்தமாகப் பார்த்தால் அதிகம் பெற்றது பாஜக. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய தரவில் மட்டும் ஏறத்தாழ 6,000 கோடி. பத்திரமே வேண்டாம் என்று சொல்லி நீதிமன்றம் போன கட்சி மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்.

அப்படியென்றால் லஞ்ச வழக்குப் போடலாமே?

பணம் கட்சிக்குப் போகிறது, உத்தரவு அமைச்சர் கையெழுத்தில் வருகிறது. அந்தப் பணத்துக்காகத்தான் இந்த உத்தரவு என்று நிரூபிக்க வேண்டும். சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்டுப் போன மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை.

எல்லாம் சந்தேகம்தானே ஐயா? கொடுத்தால் பலன் உண்டு என்று யாராவது சோதித்துக் காட்டியிருக்கிறார்களா?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குச் சந்திப்பு கேட்டுக் கடிதம் போனது. சிலரிடம் 'வருபவர்கள் தொகுதிவாசிகள்' என்றும், சிலரிடம் 'நன்கொடை கொடுத்தவர்கள்' என்றும் சொன்னார்கள். நன்கொடையாளர் என்று தெரிந்த இடங்களில் உறுப்பினரோ மூத்த அதிகாரியோ வந்து உட்காரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். இந்தோனேசியாவில் அதிபராக இருந்த சுஹார்த்தோவுக்கு உடம்பு சரியில்லை என்று வதந்தி வரும்போதெல்லாம் அவர் குடும்பத்துக்கு நெருக்கமான கம்பெனிகளின் பங்குதான் அதிகமாக விழுந்தது என்று இன்னொரு ஆய்வு. நெருக்கத்துக்குச் சந்தை ஒரு விலை வைத்திருந்தது என்றுதானே அர்த்தம்?

எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசு கையில் இருக்கும் சலுகைகளின் மதிப்போடு ஒப்பிட்டால் கம்பெனிகள் கொடுப்பது மிகக் குறைவு, உண்மையிலேயே இவ்வளவு பலன் இருந்தால் இன்னும் கொட்டியிருப்பார்களே என்று பொருளாதாரக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கு அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை. கொஞ்சத்தில் காரியம் முடிகிறது என்றால் எதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்?

ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் என்ன?

செய்து பார்த்தாகிவிட்டது. 1957இலேயே டாடா ஸ்டீல் நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் அமைப்பு விதியைத் திருத்த அனுமதி கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா அனுமதி கொடுத்துக்கொண்டே ஆபத்தையும் எச்சரித்தார். 1969இல் கம்பெனி நன்கொடைக்கே தடை வந்தது. பணம் நின்றதா? பெட்டிக்குள் போனது. 1985இல் லாபத்தில் 5 சதவீதம் வரை என்று மறுபடி திறந்தார்கள். பிரான்சில் 1995லிருந்தும் பிரேசிலில் 2015 நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தும் தடை இருக்கிறது. ஆனால் தடை போடும் நாடு தேர்தல் செலவையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் கதவை அடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரிதான்.

பத்திரம் போய்விட்டது. இப்போது எப்படிக் கொடுக்கிறார்கள்?

காசோலையாக நேரடியாக, இல்லையென்றால் தேர்தல் அறக்கட்டளை வழியாக. 2013இல் வந்த ஏற்பாடு அது. ஆண்டில் திரட்டியதில் 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். யார் போட்டார், எந்தக் கட்சி பெற்றது என்று தெரியும். இவர் பணம்தான் அந்தக் கட்சிக்குப் போனது என்பது தெரியாது, எல்லாம் ஒரே பானையில். மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்ற வரம்பை 2017இல் தூக்கியிருந்தார்கள், பத்திரத் திட்டத்தை ரத்து செய்த தீர்ப்பினால் அது திரும்ப வந்தது. வரம்பு இல்லாத காலத்தில் நஷ்டத்தில் ஓடிய கம்பெனிகள்கூடப் பத்திரம் வாங்கியிருந்தன.

நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி கொடுத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்குக்குக் கீழே வரும் குறிப்புகளில் 'இதர செலவுகள்' என்ற அட்டவணையைத் தேடுங்கள். வாடகை, பயணச் செலவு, தணிக்கைக் கட்டணம் என்று போகும் வரிசையில் ஒரே வரியாக இருக்கும். அடிக்குறிப்பில் கட்சியின் பெயரோ அறக்கட்டளையின் பெயரோ வரும். கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேல் பெற்றதைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கும் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேதி கிடைத்தால், அந்த மாதத்தையொட்டி அந்தத் துறையில் வந்த அரசாணைகளையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.