மாஸ்டரிடம் கேளுங்கள்: மோனேயின் போர்க்களம்

கேள்வி: பாரிஸில் கேலிக்கு ஆளான பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படங்களை அமெரிக்கர்கள் மட்டும் அள்ளிக்கொண்டு போனது எப்படி? அவர்களுக்கு ரசனை அதிகமா, பணம் அதிகமா?
– வாசகி, கும்பகோணம்

மூன்றாவதாக ஒன்றை விட்டுவிட்டீர்களே அம்மா, ஒரு வியாபாரியின் கடன்!

பால் துராந்த்-ருவேல் பாரிஸ் ஓவிய வியாபாரி. 1870-ல் பிரஷ்யாவுடன் போர் மூண்டபோது லண்டனுக்குப் போனார். அதே போருக்குத் தப்பி அங்கே வந்திருந்த மோனேயைச் சந்தித்தார். அதன்பிறகு அவர் படங்களை வாங்கிக் குவித்தார், விற்கத்தான் முடியவில்லை. 1874-ல் மோனேயும் நண்பர்களும் வைத்த கண்காட்சியில், மோனேயின் 'இம்ப்ரஷன், சூரியோதயம்' என்ற படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் அவர்கள் எல்லோரையும் 'இம்ப்ரஷனிஸ்ட்' என்று நக்கலடித்தார். அந்த நக்கல்தான் இன்றைக்கு மரியாதையான பெயர். 1882-ல் துராந்த்-ருவேலுக்குப் பின்பலமாக இருந்த வங்கியும் திவால். கிடங்கு நிறையப் படம், கழுத்து வரைக்கும் கடன்.

அந்த நேரத்தில்தான் நியூயார்க்கிலிருந்து அமெரிக்கன் ஆர்ட் அசோசியேஷன் அழைத்தது. 1886-ல் ஏறக்குறைய 300 படங்களைக் கப்பலேற்றிவிட்டார் மனிதர். அங்கே ஓவியத்துக்கு இறக்குமதி வரி 30 சதவீதம். அந்தச் சங்கத்தின் பெயரில் போனதால் காட்சிக்கு வைக்க வரி இல்லை. விற்றதற்குக் கட்டினால் போதும். வேடிக்கை என்னவென்றால், மோனேவுக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை. நல்ல படங்களெல்லாம் யாங்கி தேசத்துக்குப் போகிறதே என்று வருத்தப்பட்டு, சிலதைப் பாரிஸுக்காக ஒதுக்கி வைக்கும்படி முந்தின வருஷமே கடிதம் போட்டிருந்தார்.

ரசனை விஷயத்துக்கு வருகிறேன். பாரிஸில் குடியிருந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட், தன் தோழி லூயிசினை ஏற்கெனவே இந்தப் படங்களை வாங்கப் பழக்கியிருந்தார். சர்க்கரை ஆலை அதிபர் ஹேவ்மேயரின் மனைவி அந்த லூயிசின். ஆக, ரசனை தானாக முளைக்கவில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. அதோடு, பாரிஸில் மோனே வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். நியூயார்க்கில் அப்படிச் சிரிப்பவர்கள் குறைவு. பாதிக் காரணம் அதுதான் என்பது என் கட்சி.

மகள் வீட்டுக்குப் போனபோது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் மோனேயின் 'போர்' படங்களைப் பார்த்தேன். சண்டை இல்லை, களத்தில் அடுக்கும் போர். அவர்களிடம் ஆறு இருக்கின்றன. ஆங்கிலத்தில் வைக்கோல் போர் என்று பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது வைக்கோல் இல்லை. கதிர் அடிக்காத கோதுமைக் கட்டுகளை அடுக்கிய போர். "எல்லாம் ஒரே படம்தானே, எதுக்கு ஆறு?" என்றாள் என் மனைவி. களத்துமேட்டில் வளர்ந்தவள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பனி மூடிய ஒன்றைக் காட்டி, "இது பொழுது சாயற நேரம்" என்றாள். நாற்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்த நான் பேசாமல் நகர்ந்துவிட்டேன்.

அந்த வரிசையில் பதினைந்தை 1891-ல் பாரிஸில் துராந்த்-ருவேல் காட்சிக்கு வைத்தார். சிகாகோ ஹோட்டல் அதிபரின் மனைவி பெர்த்தா பாமர் போர் படங்களில் பலவற்றை வாங்கினார். அவரிடம் இருந்த ஒன்று 2019-ல் ஏலத்தில் 11 கோடி டாலரைத் தாண்டியது.

கேள்வி: இவ்வளவு வாங்கிய அமெரிக்காவுக்கு மோனே போயிருக்கிறாரா?
– வாசகர், மதுரை

ஒரு தடவைகூட இல்லை. அமெரிக்க ஓவியர்கள்தான் 1887 வாக்கிலிருந்து அவருடைய ஜிவர்னி கிராமத்தில் வந்து டேரா போட்டார்கள். அதில் தியடோர் பட்லர் என்பவர் மோனேயின் மனைவியுடைய மகளையே கல்யாணம் செய்துகொண்டார். மோனே போனது லண்டன், நார்வே, வெனிஸ். 1908-ல் வெனிஸில் வரைந்த 'பலாஸ்ஸோ டாரியோ' படங்களில் ஒன்றும் சிகாகோவில் இருக்கிறது.