கால்களைக் கழுவக் கொடுப்பதும் ஊழியம்தான்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் வயதான அம்மா ஒருவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. சில வருடங்களாகக் காலையும் மாலையும் நான்தான் போய் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, சாப்பாடு ஊட்டிவிட்டு வருகிறேன். ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. தண்ணீரில் சூடு பற்றாது, உன் கை முரட்டுக் கை என்று ஏதாவது குறைதான். சபையிலும் மேடையில் நிற்கிறவர்களைத்தான் ஊழியக்காரர்கள் என்கிறார்கள். போன மாதம் நான் காய்ச்சலில் படுத்தபோது சகோதரி ஒருவர் உதவிக்கு வந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். அதே காய்ச்சலோடு அம்மாவையும் போய்ப் பார்த்தேன். இப்போது அந்த வீட்டுக்குள் நுழையும்போதே எரிச்சல் வருகிறது. எரிச்சலோடு செய்வதை ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா? நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்வது ஊழியமா என்ற சந்தேகமே வேண்டாம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பில் ராஜா வலதுபக்கத்தில் நிற்கிறவர்களிடம் பேசுவது பசி, தாகம், வஸ்திரமில்லாமை, வியாதி, சிறைக்காவல் ஆகியவற்றில் இருந்தவர்களுக்கு அவர்கள் செய்த உதவியைப் பற்றித்தான். பிரசங்கத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. நன்றி வராத இடத்தில் செய்வதைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினாரே, அவரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் எழுந்து போனது அதை முடித்த பிறகுதான். அவனுடைய கால்களும் அந்தத் தண்ணீரில் கழுவப்பட்டவைதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு இடம். உதவிக்கு வந்த சகோதரியை வாசலிலேயே அனுப்பிவிட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம் கண் ஆண்டவர் இடுப்பில் கட்டிய சீலையிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலுமே நிற்கிறது. ஆண்டவர் குனிந்தார், நாமும் குனியவேண்டும் என்று முடித்துக்கொள்கிறோம். ஆனால் அந்த அறையில் தகராறு செய்தவன் குனிய மறுத்தவன் அல்ல, பேதுரு. "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்க எவ்வளவு தாழ்மையாக இருக்கிறது! பதிலோ கடுமையாக வருகிறது: "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை." தன் அழுக்கை இன்னொருவர் தொடக்கூடாது என்ற கூச்சத்தை ஆண்டவர் பணிவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் கட்டளை வருகிறது: "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்." ஒருவருடையதை ஒருவர். ஒரே ஆள் வாழ்நாள் முழுவதும் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.

ஓர் அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். பெத்தானியாவில் மரியாள் நளதம் என்னும் விலையேறப்பெற்ற வாசனைத் தைலத்தை அவர் பாதங்களில் பூசித் தன் தலைமயிரால் துடைக்கிறாள். வீண் செலவு என்று யூதாஸ் முணுமுணுக்கிறான். ஆண்டவர் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை, அவளை விட்டுவிடு என்கிறார். சீஷர்களின் கால்களைக் கழுவியவர், சில நாட்களுக்கு முன்பு தன் பாதங்களை இன்னொருவர் கையில் கொடுத்தவர். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டதும், தங்கள் ஆஸ்திகளால் ஊழியம் செய்த பெண்களை ஏற்றுக்கொண்டதும் அவர்தான். வாங்கிக்கொள்வது அவருக்குக் குறைச்சலாகத் தெரியவில்லை.

கொடுப்பவராக மட்டும் இருந்தால் நமக்கே தெரியாமல் ஒரு படி மேலே நின்றுகொள்கிறோம். அங்கே நின்று பார்த்தால் எல்லோரும் நமக்குக் கடன்பட்டவர்களாகத் தெரிவார்கள், அந்தக் கடன் திரும்பி வராதபோது கோபம் வரும். உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. தனியாகச் சுமக்கிற யாருக்கும் இப்படி ஆகும்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையில் 35ஆம் அதிகாரம் சமையலறை வேலையைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எல்லோரும் வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாறவேண்டும். சனிக்கிழமை முறை முடிகிறவர் கை கால் துடைக்கும் துணிகளைத் துவைத்து வைப்பார். அப்புறம் அவரும் புதிதாக முறை ஏற்கிறவரும் சேர்ந்து எல்லோருடைய கால்களையும் கழுவுவார்கள். பலவீனமானவர்கள் மனம் வருந்திச் செய்யாதபடி அவர்களுக்குத் துணையாள் கொடுக்கவேண்டும். பரிமாறுகிறவர்களுக்குச் சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே, வழக்கமான பங்குக்கு மேல் கொஞ்சம் ரொட்டியும் பானமும் தரவேண்டும். எதற்கு? முணுமுணுக்காமல் வேலை செய்வதற்கு! முணுமுணுப்பை அவர் கடுமையாகக் கண்டித்தவர். அவரே பசியோடும் தனியாகவும் வேலை செய்கிறவனுக்கு முணுமுணுப்பு வரும் என்று தெரிந்து, முதலில் ரொட்டியைக் கொடுக்கச் சொல்கிறார். உங்கள் எரிச்சலையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆண்டவர் ஏற்றுக்கொள்வாரா என்று பயப்படுவதைவிட, உங்களுக்கு வரவேண்டிய ரொட்டி எங்கே நின்றுபோனது என்று பாருங்கள்.

அதனால் நிறுத்தவேண்டாம். தனியாகச் செய்வதை மட்டும் நிறுத்துங்கள். போதகரிடம் நேராகப் போய், வாரத்தில் இந்தந்த நாட்களுக்கு ஆள் வேண்டும் என்று கேளுங்கள். புலம்பலாகச் சொன்னால் ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள், நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலோடு போவது அந்த அம்மாவுக்கே ஆபத்து என்பதையும் சொல்லுங்கள். இரண்டு பேர் இருந்தால் வேலையே மாறிவிடும். நடக்கமுடியாதவரை ஒரே ஆள் புரட்டும்போது உடம்பு படுக்கையில் உரசி இழுபடும், தோல் உரிந்து புண்ணாகும், உங்கள் இடுப்பும் போகும். தோளிலிருந்து தொடைவரை ஒரு விரிப்பை மடித்து அடியில் போட்டு, பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். கை முரடு என்ற குறையும் குறைய வாய்ப்பிருக்கிறது. அன்று உங்கள் வாசலுக்கு வந்த சகோதரியையே முதலில் கூப்பிடுங்கள்.

கடைசியாக அந்த அம்மாவைப் பற்றி. அவரும் இத்தனை வருடமாக வாங்கிக்கொண்டே இருக்கிறவர். யாருக்கும் எதையும் கொடுக்க வழியில்லாமல் படுத்திருப்பவருக்குக் குறை சொல்வது ஒன்றுதான் மிச்சம் போலிருக்கிறது. அவரிடம் ஏதாவது கேளுங்கள். உங்கள் வீட்டில் உண்மையாகவே கவலையாக இருக்கிற ஒரு காரியத்தை, யாரிடமும் சொல்லாத ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது, அவரிடம் சொல்லி எனக்காக ஜெபியுங்கள் அம்மா என்று கேளுங்கள். மறுநாள் போனதும், ஜெபித்தீர்களா என்று மறக்காமல் விசாரியுங்கள்.