ராக்னரோக் ஆன்லைனில் வில் எடுப்பவர்களுக்கு: ஆர்ச்சர் கேள்வி பதில்

ராக்னரோக் என்னும் இணைய விளையாட்டில் வில்லாளியாக வரும் ஆர்ச்சர் பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் சொல்வது பழைய ராக்னரோக் விதிகளுக்கு, அதாவது 2010-இல் ரினியூவல் என்னும் பெரிய விதி மாற்றம் வருவதற்கு முன்பு இருந்த கணக்குகளுக்கு. கிளாசிக் என்று சொல்லி ஓடும் சர்வர்களில் பெரும்பாலும் இதே கணக்குதான், ஆனாலும் உங்கள் சர்வர் எதையாவது மாற்றியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முறையாக ஆடப் போகிறேன். ஆர்ச்சர் சுலபம் என்று ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், ஆனால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அம்பின் அடி டெக்ஸ் என்னும் ஸ்டாட்டில் (பாத்திரத்தின் கைத்திறனைக் காட்டும் எண்ணில்) இருந்து வருகிறது, குறி தப்பாமல் இருப்பதும் டெக்ஸில் இருந்துதான் வருகிறது, ஆக ஒரே ஸ்டாட்டை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறும், அதனால்தான் ஆரம்பத்தில் வாள்காரர்களைவிட ஆர்ச்சர் வேகமாக லெவல் ஏறுவார். அப்புறம்தான் கஷ்டம் தெரியும். உயிர் குறைவு, வில்லுக்கு இரண்டு கையும் போய்விடுவதால் கேடயம் கிடையாது, அம்புக்குக் காசு போய்க்கொண்டே இருக்கும். எதிரி உங்களை நோக்கி நடந்து வரும் அந்த மூன்று நான்கு நொடியில் அடுத்து எங்கே நகரலாம் என்று யோசிப்பது உங்களுக்குப் பிடிக்குமானால் இதுதான் உங்கள் கிளாஸ். நடுவில் நின்று அடிவாங்கி அடிப்பதுதான் பிடிக்கும் என்றால் வாளை எடுங்கள், அதில் தவறே இல்லை.

தொடக்க நிலையான நோவிஸில் இருந்து ஆர்ச்சராக எப்படி மாறுவது?

ஜாப் லெவல் 10 வரை போய், கிடைத்த 9 ஸ்கில் பாயின்டையும் பேசிக் ஸ்கில்லில் போட்டுவிட்டு, பேயான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்ச்சர் கில்டுக்குப் போங்கள். மரக்கட்டைகள் கேட்பார்கள், வில்லோ என்னும் மர உயிரியை அடித்தால் கிடைக்கும்.

டெக்ஸ் 77-இல் நிற்கிறது அண்ணா, இனி ஏஜி (வேகம்) ஏற்றலாமா? ஒரு பாயின்டுக்கே இவ்வளவு செலவாகிறதே.

தம்பி, 77-இல் நிறுத்தாதீர்கள். வில்லின் ஸ்டாட் அடி எப்படி வருகிறது என்று பாருங்கள்: மொத்த டெக்ஸ், அதோடு டெக்ஸைப் பத்தால் வகுத்து, வரும் முழு எண்ணின் வர்க்கம். (பலம் என்னும் எஸ்டிஆரும் அதிர்ஷ்டம் என்னும் லக்கும் ஐந்துக்கு ஒன்று வீதம் கொஞ்சம் சேர்க்கும், அதை விடுங்கள்.) டெக்ஸ் 79 என்றால் 79-உம் 7-இன் வர்க்கமான 49-உம் சேர்ந்து 128. இன்னும் ஒரே ஒரு பாயின்ட் போட்டு 80 ஆக்கினால் 80-உம் 64-உம் சேர்ந்து 144. ஒரு பாயின்டில் 16 கூடுகிறது! ஆனால் 80-இல் இருந்து 89 வரை ஒவ்வொரு பாயின்டுக்கும் ஒன்றுதான் கூடும். அதனால் டெக்ஸை எப்போதும் பத்துப் பத்தாக எண்ணுங்கள், 77 என்பது கதவுக்கு முன்னால் வந்து நிற்பது மாதிரி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணக்கில் வருவது நீங்கள் போட்ட டெக்ஸ் மட்டும் அல்ல, ஔல்ஸ் ஐ ஸ்கில் நிறைந்தால் தரும் 10, ஜாப் போனஸ், கையுறை, தொப்பி எல்லாம் சேர்ந்த மொத்தம். உங்களுக்கு 77 கூட்டல் 13 என்று காட்டுகிறதா, அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே 90-இல் இருக்கிறீர்கள், இப்போது ஏஜிக்குப் போவது சரியான முடிவு. ஸ்டாட் பக்கத்தில் இரண்டு எண்ணையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செலவு பற்றிச் சொன்னது உண்மைதான், 1-இல் இருந்து 2 ஆக 2 பாயின்ட் போதும், 91-இல் இருந்து 92 ஆக 11 வேண்டும், அதனாலேயே கணக்கில்லாமல் போடக்கூடாது.

எந்த ஸ்கில் முதலில்?

முதலில் டபுள் ஸ்ட்ரேஃப். பத்தாவது லெவலில் ஒவ்வொரு அம்பும் 190 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 380. அதற்கடுத்து ஔல்ஸ் ஐ, வல்ச்சர்ஸ் ஐ, இம்ப்ரூவ் கான்சன்ட்ரேஷன். இந்தக் கடைசி ஸ்கில் பத்தாவது லெவலில் ஏஜியையும் டெக்ஸையும் 12 விழுக்காடு ஏற்றி 4 நிமிடம் நிற்கும், பக்கத்தில் மறைந்திருப்பவர்களையும் வெளிக்கொண்டு வரும். ஜாப் 50-இல் உங்களிடம் இருப்பது 49 பாயின்ட், ஐந்து ஸ்கில்லும் நிறைய 50 வேண்டும். நான் ஐந்தாவதான ஆரோ ஷவரை 9-இல் விட்டுவிடுவேன். 40-இலேயே அடுத்த கிளாஸான ஹண்டருக்குப் போகலாம்தான், ஆனால் மாறிய பிறகு ஆர்ச்சர் பாயின்ட் இனி கிடைக்காது. பொறுமையாக 50 வரை இருங்கள் என்றுதான் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

எஃகு அம்பு அடி அதிகம் காட்டுகிறது, நெருப்பு அம்பு குறைவு. பிறகு எதற்காக எல்லோரும் நெருப்பு அம்பு வாங்குகிறார்கள்?

நல்ல கேள்வி, ஆர்ச்சர் ஆட்டத்தின் பாதி இதற்குள் இருக்கிறது. எஃகு அம்பு 40, நெருப்பு அம்பு 30, எண்ணைப் பார்த்தால் எஃகுதான் நல்லது. ஆனால் அந்தப் பத்து, வில், டெக்ஸ் எல்லாம் கூட்டிய அடியில் ஒரு சின்னப் பங்கு. அம்பின் தன்மையோ மொத்த அடியையும் பெருக்குகிறது அல்லது வெட்டுகிறது. நீர் உயிரியான ஹைட்ராவுக்குக் காற்று அம்பு விட்டால் அடி ஒன்றே முக்கால் மடங்கு. நெருப்பு உயிரிக்கு நெருப்பு அம்பையே விட்டால் கால் பங்கோ, அதற்கும் குறைவோதான் இறங்கும். டபுள் ஸ்ட்ரேஃபுக்கும் அதே தன்மைதான், வில்லில் எந்த அம்பு மாட்டியிருக்கிறதோ அதுதான் பேசும்.

மண்ணுக்கு நெருப்பு, நீருக்குக் காற்று, நெருப்புக்கு நீர், காற்றுக்கு மண், பிணங்களுக்கும் எலும்புக்கூடுகளுக்கும் வெள்ளி அல்லது நெருப்பு. இதை மனப்பாடம் செய்துவிட்டு, போகும் இடத்துக்கு ஏற்ற இரண்டு வகை அம்பை ஹாட்கீயில் வையுங்கள். சாதாரண அம்பும் கொஞ்சம் இருக்கட்டும், அம்பே இல்லாமல் போனால் வில் வெறும் கட்டை. பேயான் குகையின் உள்ளே ஒருமுறை எனக்கு அம்பு தீர்ந்துபோய், என்னை நம்பி வந்த, குணப்படுத்தும் கிளாஸான அக்கோலைட் அங்கேயே விழுந்தார். அன்றிலிருந்து வாசலிலேயே அம்பை எண்ணிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறேன்.

எங்கே நின்று லெவல் ஏற்றுவது?

நகராத உயிரிகளைத் தேடுங்கள். வில்லின் தூரம் 5 கட்டம், வல்ச்சர்ஸ் ஐ நிறைந்தால் 15. ஹைட்ராவின் கை 7 கட்டம்தான் எட்டும், அது இடத்தை விட்டு நகரவும் நகராது, ஆக எட்டாம் கட்டத்துக்கு வெளியே நிற்கும் வரை நீங்கள் அடிக்கலாம், ஹைட்ராவால் திருப்பி அடிக்க முடியாது. அதற்கு முன்னால் மாண்ட்ரகோரா, அது நெருப்பு அம்புக்கு. பிறகு பயலான் தீவின் நீருக்கடிக் குகையில் ஹைட்ரா, காற்று அம்போடு. ஒரே ஒரு எச்சரிக்கை, ஒன்றைக் குறிபார்த்துப் பின்னால் நகரும்போது இன்னொன்றின் எல்லைக்குள் போய்விடாதீர்கள். பெரும்பாலான ஆர்ச்சர்கள் அங்கே சாவது இதனால்தான்.

நகரும் எதிரி என்றால் உடனே செத்துவிடுகிறேன். எல்லோரும் ஓடிக்கொண்டே அடி என்கிறார்கள், ஓடினால் அடிக்க முடியவில்லை.

அம்பு விட்டவுடன் ஒரு சின்ன இடைவெளி வரும், அந்த இடைவெளியில் மட்டும் நகருங்கள். இரண்டு அம்பு, மூன்று கட்டம், மறுபடி இரண்டு அம்பு. நேர்கோட்டில் பின்னால் போனால் சீக்கிரமே சுவரில் முட்டுவீர்கள் அல்லது புது எதிரியை இழுப்பீர்கள், அதனால் ஏற்கெனவே சுத்தம் செய்த பக்கமாக வட்டமடியுங்கள். உங்களைவிட வேகமாக வரும் எதிரியிடம் இந்த வித்தை பலிக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு ஆரோ ஷவர் இரண்டு கட்டம் தள்ளும், தனிக் குவெஸ்டில் கிடைக்கும் ஆரோ ரிப்பெல் ஆறு கட்டம் தள்ளும்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது நிலத்தைப் பயன்படுத்துவது. தண்ணீர், பள்ளம், மேட்டு விளிம்பு இவற்றின் மேல் அம்பு போகும், கால் போகாது. எதிரி சுற்றிக்கொண்டு வர வேண்டும், பல நேரம் பாதி வழியிலேயே விழுந்துவிடும். புது மேப்புக்குப் போனால் சண்டைக்கு முன் ஐந்து நிமிடம் சும்மா சுற்றி இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்து வையுங்கள்.

அடி அதிகமான வில் வாங்கவா, அடியைக் கூட்டும் கார்டுகளைச் செருக நான்கு ஓட்டை உள்ள காம்போசிட் வில் வாங்கவா?

கார்டு வாங்க வசதி வரும்வரை அடி அதிகமான வில். கார்டு சேர ஆரம்பித்ததும் நான்கு ஓட்டை காம்போசிட். அதன் அடி வெறும் 29 என்று பயப்பட வேண்டாம், நான்கு கார்டின் விழுக்காடு கூட்டப்படுவது உங்கள் டெக்ஸ் தரும் அடியையும் சேர்த்துத்தான். முதல் நிலை ஆயுதம் என்பதால் +7 வரை உடையும் பயமின்றி ரிஃபைன் செய்து மேம்படுத்தலாம், மூன்றாம் நிலை வில்லுக்கு அது +5 வரைதான். பெரிய உடல் கொண்ட எதிரிக்கு வில் எதுவானாலும் முக்கால் பங்கு ஆயுத அடிதான் இறங்கும், அங்கே அடி குறைந்தால் வில்லைக் குறை சொல்லாதீர்கள்.

ஆர்ச்சருக்குப் பிறகு ஹண்டரா, பாடகரான பார்டா? அந்தப் பருந்துக்காகவே ஹண்டர் ஆசை, ஆனால் என் நண்பர்கள் எல்லாம் மந்திரவாதிகள்.

நண்பர்களோடுதான் எப்போதும் ஆடுவீர்கள் என்றால் பார்ட். பிராகி பாட்டு மந்திரம் சொல்லும் நேரத்தையும் சொன்ன பிறகு வரும் தாமதத்தையும் குறைக்கும், மூன்று மந்திரவாதிகள் இருக்கும் குழுவில் ஒரு பார்ட் வந்து பாடினால் அந்தக் குழுவே வேறு மாதிரி ஆகிவிடும், அவர்கள் உங்களை விடவே மாட்டார்கள். பெண் பாத்திரம் என்றால் டான்சர்தான் கிடைக்கும், பார்ட் ஆண் பாத்திரத்துக்கு மட்டும்.

தனியாகச் சுற்றும் நேரம் அதிகம் என்றால் ஹண்டர். பருந்து தானாகப் பாய்வது லக்கைப் பொறுத்தது, லக் 30 என்றால் ஏறக்குறைய 10 விழுக்காடு. அம்பு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அத்தனை முறை அந்த வாய்ப்பு வரும் என்பதால் இதற்கு ஏஜி அவசியம். பருந்தின் அடி எதிரியின் தற்காப்பைக் கண்டுகொள்ளாது, அறிவு என்னும் இன்டும் டெக்ஸும்தான் அதை ஏற்றும். என் ஆலோசனை: டெக்ஸ், ஏஜி, பிறகு லக் 30 பக்கம். ஆங்கிள் ஸ்னேர் பொறியைக் கட்டாயம் எடுங்கள், வரும் பாதையில் ஒன்றை வைத்துவிட்டால் எதிரி அங்கேயே கட்டுண்டு நிற்கும், மேலே சொன்ன ஓட்டம் எல்லாம் தேவைப்படாது.

தூரத்தில் ஒரு மிருகத்தை அடித்தேன், அது என்னுடையது என்று ஒருவர் திட்டினார். எனக்குத் தெரியவே தெரியாது அண்ணா.

தெரியாமல் நடந்ததுதான், மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஆர்ச்சருக்கு இது அதிகம் நடக்கும், ஏனென்றால் அடிபட்டுக்கொண்டிருக்கும் மிருகம் நமக்குத் திரையின் ஓரத்தில்தான் தெரிகிறது. அது நின்று யாரையோ பார்த்துக்கொண்டிருந்தால் அம்பு விடாதீர்கள். குழுவிலும் இப்படித்தான், முன்னால் நிற்பவர் முதல் அடி கொடுக்கட்டும், நாம் முந்தினால் எல்லாம் நம்மை நோக்கி ஓடிவரும், ஹீல் செய்பவர்தான் அவஸ்தைப்படுவார்.

ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் பிவிபியில் ஒரு அக்கோலைட் தரையில் ஏதோ போட்டார், என் அம்பு எதுவுமே படவில்லை.

நியூமா. அதன் மேல் நிற்பவருக்குத் தூரத்து அடி படாது. அம்பை வீணாக்காதீர்கள், அந்தச் சின்னச் சதுரத்தை விட்டு அவர் வெளியே வரும் பக்கத்தில் ஆங்கிள் ஸ்னேர் வைத்துவிட்டு, இம்ப்ரூவ் கான்சன்ட்ரேஷனைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருங்கள். நியூமா சில நொடிதான் நிற்கும்.