கேள்வி-பதில்: பழைய லோடு வண்டியும் பிரேக் வேலையும்

கேள்வி: என் பழைய டாடா 407 லோடு வண்டிக்கு நாலு வீல் சிலிண்டரும் மாற்றி, மூன்று தடவை ஏர் எடுத்தாச்சு (பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றியாச்சு). பெடல் இன்னும் கீழே போகிறது. மறுபடி ஏர் எடுக்க மெக்கானிக் காசு கேட்கிறார். (ஒட்டன்சத்திரம்)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். பெடல் எப்படிக் கீழே போகிறது என்று முதலில் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் கீழே போய், அடுத்தடுத்து மிதிக்க மேலே ஏறிக் கெட்டியானால், பெரும்பாலும் லைனிங்குக்கும் (உரசி நிறுத்தும் பட்டை) டிரம்முக்கும் (வீலோடு சுற்றும் உருளை) இடைவெளி அதிகம். லைனிங் ஒட்டியிருக்கும் ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும். மிதித்த காலை எடுக்காமல் இருக்கும்போதே பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போய், வெளியே எங்கும் ஒழுகாமலும் டப்பாவில் ஆயில் குறையாமலும் இருந்தால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) இருக்கும் ரப்பர் வாஷர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம், இதற்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

ஏர் எடுக்கும்போதே இப்படி ஆவதும் உண்டு. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் போகாத ஆழத்தில் துரு பிடித்திருக்கும், பெடலை அடிவரை மிதித்துப் பம்ப் அடித்தால் வாஷரின் ஓரம் அதில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். காற்றை வெளியே விடத் திறக்கும் நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்கணும்.

கேள்வி: அவசரத்துக்குப் பிரேக் ஆயில் டப்பாவில் இன்ஜின் ஆயில் ஊற்றினேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். ரப்பர் ஊதிப்போய் பிரேக் மொத்தமாகப் போய்விடும். லைனைக் கழுவி, வாஷர், ஹோஸ் எல்லாம் மாற்றியாகணும்.

கேள்வி: ஒரிஜினல் என்று கொடுத்த வீல் சிலிண்டர் கிட் (உள்ளே போடும் ரப்பர் வாஷர் செட்) இரண்டே வாரத்தில் ஒழுகி, லைனிங் நனைந்து, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. மெக்கானிக் மேல் தப்பு என்கிறார் கடைக்காரர். பணம் யுபிஐயில் அனுப்பினேன், பில் வாங்கவில்லை. (நாமக்கல்)

பதில்: ஏமாற்றப்பட்டது நீங்கள், அதனால் விடாதீர்கள். பணம் போன விவரத்தை எடுத்து வையுங்கள், அந்தக் கிட்டையும் அதன் கவரையும் தூக்கிப் போடாதீர்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் போகணும். சாமானுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகார் கட்டணம் கிடையாது. லோடு வண்டிக்காரர் வியாபாரி, நுகர்வோர் இல்லை என்று வாதாடுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். அந்த ஆக்சிலில் இரண்டு பக்கமும் புதுசு போடுங்கள்.

இந்த பில் விஷயத்தில் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்" என்று கடைக்காரர் சொன்னதும் நாமும் தலையாட்டிவிடுகிறோம், மிச்சமாகிற அந்தச் சின்னத் தொகைக்காக, போலி சாமான் விற்றவனைப் பிடிக்க இருக்கும் பிடியைக் கையாலேயே விட்டுவிடுகிறோம். என் பழைய ஜீப்புக்கும் இப்படி ஒரு கிட் வந்தது. பாக்கெட் அச்சு அசல், முத்திரை உட்பட. உள்ளே இருந்த வாஷரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. பிரேக் சாமானில் போலியை விற்கிறவன் ரோட்டில் போகிற குழந்தையின் உயிரையும் சேர்த்துத்தான் விற்கிறான். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள். பட்டறையில் மாற்றினால் கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: போன வருடம் திறந்த டின்னில் பாதி பிரேக் ஆயில் இருக்கிறது. ஊற்றலாமா? (கொல்லிமலை)

பதில்: வேண்டாம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற ரகப் புது பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். உங்கள் மலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடலில் ஒன்றும் இருக்காது. சின்ன டின்னாக வாங்குங்கள்.

கேள்வி: ஓட்டிப் பார்க்காமல் பழைய பிக்கப் வாங்கிவிட்டேன். பிரேக் பிடித்தால் ஒரு முன் வீல் விடமாட்டேன் என்கிறது. விற்றவர் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரவுண்டு ஓட்டியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்குமே! விற்றவர் மறைத்தார் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? வீல் பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறங்கள். உடனே விட்டால் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் அடைக்கிறது, ஹோஸை மாற்றுங்கள். விடவில்லை என்றால் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இறுகியிருக்கிறது.